நீதிபதியின் சொல்லைக் கேளாத நீதிபதிகள்

நீதி தேவதைக்குப் பெண்ணுருவம் சமைத்தவர்கள் மேனாட்டார். ஒரு கையிலே துலாக்கோலும் மறு கையிலே வாளும் கொடுத்து, கண்களைத் துணியாற் கட்டி, நீதிமன்ற வாயில்களிலே அவளை நிறுத்தி வைத்தனர். ஆயினும், வாயிலில் நின்ற அப்பெண்ணை உள்ளே அழைத்து நீதியாசனத்தில் இருத்துவதற்கு அவர்கள் நெடுங்காலம் ஒருப்பட்டாரல்லர். கல்லிற் செதுக்கிய பெண்ணிடம் நீதியை ஒப்படைத்தவர்கள், கற்றுத் தேர்ந்த பெண்ணிடம் அதனை ஒப்படைக்கத் தயங்கினார்கள்.

நீதிபதிகளின் பாரபட்சம் என்றதும், கூண்டில் நிற்பவருக்கோ வழக்காட வந்தவருக்கோ இழைக்கப்படும் அநீதியே நம் நினைவுக்கு வருகின்றது. இங்கு நாம் ஆராயப் புகுவது அதனின் வேறானது. ஒரே நிற அங்கி தரித்து, ஒரே சட்டத்தின் பேரிற் சத்தியஞ் செய்து, ஒரே வரிசையில் அமர்ந்திருக்கும் நீதிபதிகளுக்குள்ளேயே ஆண்கள் தம் பெண் சகாக்களை எவ்வாறு நடத்தினர்? அதனால் அப்பெண்களுக்கு நேர்ந்தது யாது? நீதிக்கு நேர்ந்தது யாது? இக் கேள்விகளுக்கு விடை காண்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் வரலாறு பெரிதும் துணைபுரிகின்றது. அந்நாட்டு உயர் நீதிமன்றத்தில் நிகழும் வாதங்கள் சொல்லுக்குச் சொல் பதிவு செய்யப்படுகின்றன. அங்குள்ள நீதிபதிகள் பலர் தம் அனுபவங்களை மனந்திறந்து வெளியிட்டும் இருக்கின்றனர். ஆதலின், பிற நாடுகளில் ஊகித்து அறிய வேண்டியவற்றை அங்கே கணக்கிட்டே அறியலாம்.

அடைத்த கதவு

மைரா பிராட்வெல் என்னும் பெண்மணி சிக்காகோ நகரிலே சட்டப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியையாக விளங்கியவர். நகரத்துச் சட்டத்தரணிகள் அப் பத்திரிகையைப் படித்தே புதிய தீர்ப்புகளை அறிந்து வந்தனர். அத்தகையவர் 1869ஆம் ஆண்டிற் சட்டப் பரீட்சையிலே தேறி, சட்டத்தரணியாகத் தம்மை ஏற்குமாறு விண்ணப்பித்தார். இலினோய் மாநில நீதிமன்றம் மறுத்தது. வழக்கு நாட்டின் உயர் நீதிமன்றத்தை அடைந்தது. 1873இல் அம்மன்றமும் கைவிரித்தது. நீதியரசர் பிராட்லி தனியாக ஒரு தீர்ப்புரை எழுதி, மனைவியாகவும் தாயாகவும் இருப்பதே பெண்ணின் கடமை, அதுவே படைத்தவன் வகுத்த விதி, பெண்ணின் இயல்பான அச்சமும் மென்மையும் உலகியல் தொழில்கள் பலவற்றுக்கு ஒவ்வாதவை என்று விளக்கங் கூறினார். எதிரே நின்ற பெண்ணின் கல்வியை அவர் எடைபோடவில்லை. தம் மனத்திலிருந்த பெண்ணின் உருவத்தையே எடைபோட்டுத் தீர்ப்பளித்தார்.

ஆறு ஆண்டுகளின் பின், பெல்வா லொக்வுட் என்னும் சட்டத்தரணியின் விடாமுயற்சியால், பெண்களும் உயர் நீதிமன்றத்தில் வழக்குரைக்கலாம் என அந்நாட்டுப் பாராளுமன்றமாகிய காங்கிரஸ் 1879இல் சட்டம் இயற்றியது. மறு ஆண்டில் அவர் அங்கே எழுந்து நின்று வாதித்தார். வழக்குரைப்போர் நிற்கும் இடத்துக்கும் நீதியரசர் அமரும் ஆசனத்துக்கும் இடையே உள்ள தூரம் சில அடிகளேயாம். அச் சில அடிகளைக் கடந்து ஒரு பெண் மேலே ஏறுவதற்கு மேலும் 101 ஆண்டுகள் சென்றன.

ஒதுக்கிக் கொடுத்த வேலை

கீழ் நீதிமன்றங்களில் ஆசனம் அதற்கு முன்பே கிடைத்தது. ஆயின் ஆசனம் கிடைத்ததும் தொல்லை தீர்ந்துவிடவில்லை. அது வேறோர் உருவத்தை எடுத்தது.

அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை உறுதியான 1920ஆம் ஆண்டிலேயே, ஒகையோ மாநிலத்திலுள்ள கிளீவ்லன்ட் நகரில் புளோரன்ஸ் அலன் என்பவர் தேர்தலிலே வென்று நீதிபதியானார். அவரை வரவேற்ற ஆண் நீதிபதிகள், விவாகரத்து வழக்குகளுக்கென ஒரு பிரிவை ஏற்படுத்தி அதனை அவரிடம் ஒப்படைக்கலாம் என யோசனை கூறினர். இத்தனைக்கும் அவர் மணமாகாதவர். குடும்ப விடயம் என்றால் பெண்ணுக்கு உரியது, கொலையும் கொள்ளையும் என்றால் ஆணுக்கு உரியது என்ற எண்ணமே அந்த யோசனையின் அடியில் இருந்தது. அலன் அதனை ஏற்க மறுத்து, எல்லா நீதிபதிகளையும் போலவே கொலை வழக்குகளையும் விசாரித்தார்.

1922இல் அவர் ஒகையோ மாநில உயர் நீதிமன்றத்துக்குத் தெரிவானார். ஒரு மாநிலத்தின் உயர் நீதிமன்றத்துக்குத் தேர்தல் மூலம் வந்த முதற் பெண்மணி அவரே. 1934இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அவரைச் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நியமித்தார். அச் செய்தியைக் கேட்ட சக நீதிபதி ஒருவர் மனமுடைந்து இரண்டு நாள் படுக்கையிற் கிடந்தார் என்று கூறுவர். அலனோ தம் வேலையாற் பதில் கூறினார். தென்னஸி ஆற்றுப் பள்ளத்தாக்கில் அரசாங்கம் அணை கட்டி மின்சாரம் வழங்கும் பெருந் திட்டத்தை எதிர்த்து மின்சாரக் கம்பனிகள் தொடுத்த வழக்கை, 1938இல் மூவர் கொண்ட நீதிமன்றத்துக்குத் தலைமை தாங்கி விசாரித்து, அரசாங்கத்தின் சார்பிலே தீர்ப்பு எழுதினார். மறு ஆண்டில் உயர் நீதிமன்றம் அம் முடிவை உறுதிசெய்தது.

இவ்வளவு அனுபவமும் பெற்ற ஒருவரை உயர் நீதிமன்றத்துக்கு நியமிக்கலாகாதா? 1949இல் அங்கே இரு ஆசனங்கள் வெற்றிடமாயின. ஜனாதிபதி ட்ரூமனின் கட்சியில் மகளிர் பிரிவுத் தலைவியாயிருந்த இந்தியா எட்வர்ட்ஸ், அலனின் பெயரை அவரிடம் எடுத்துரைத்தார். ட்ரூமன் அதனை வெறுத்தாரல்லர். பிரதம நீதியரசரைக் கலந்துகொண்டார். அங்கிருந்து வந்த மறுமொழியை எட்வர்ட்ஸ் பின்னாளில் வெளியிட்டார். நீதியரசர்கள் தனியறையிற் கூடும்போது அங்கியைக் களைந்து, சிலவேளை சப்பாத்தையுங் கழற்றிவிட்டு, சட்டைக் கழுத்தைத் தளர்த்திக்கொண்டு உரையாடுவது வழக்கமாம். பெண்ணொருத்தி வந்து அமர்ந்தால் அந்தச் சுதந்திரம் போய்விடுமாம்.

அலனின் அறிவிலோ அனுபவத்திலோ குறை கூறப்படவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஆண்களின் சப்பாத்தும் சட்டைக் கழுத்துமே அவருக்குத் தடையாக நின்றன. அந்த ஆண்டில் அவருக்கு வயது 65. அந்த வாய்ப்பு மீண்டும் அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும் 1958இல் தம் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் பிரதம நீதிபதியாக உயர்ந்தார்.

அதே 1949இல் ட்ரூமன் இன்னொரு பெண்ணைச் சமஷ்டி மாவட்ட நீதிமன்றத்துக்கு நியமித்தார். அவர் பர்னிற்றா மத்தியூஸ். இவரது வரலாற்றிலே சுவையான செய்தியொன்று உண்டு. இன்று வாஷிங்டனில் உயர் நீதிமன்றக் கட்டடம் நிற்கும் நிலத்தின் ஒரு பகுதி, பெண்களின் உரிமைக்காகப் போராடிய தேசியப் பெண்கள் கட்சிக்குச் சொந்தமாயிருந்தது. அரசாங்கம் அந்நிலத்தைச் சுவீகரித்தபோது அக் கட்சிக்காக வாதாடி, ஏறத்தாழ 3 இலட்சம் டொலர் நட்டஈடு பெற்றுக் கொடுத்தவர் மத்தியூஸே. பெண்களின் வீட்டை இடித்து எழுப்பிய அம்மன்றம் 1935இல் திறக்கப்பட்டது. அதன் ஆசனத்திற் பெண்ணொருவர் அமர்ந்தது 1981இலேதான்.

மத்தியூஸ் பதவியேற்ற வேளை, அவர் நல்ல நீதிபதியாக விளங்குவார், ஆயினும் அவரிடம் ஒரேயொரு குறை உண்டு, அவர் பெண்ணாகப் பிறந்துவிட்டார் என்று சக நீதிபதி ஒருவர் வெளிப்படையாகவே கூறினார். அப்பால், நீண்டதும் சலிப்பூட்டுவதுமான விண்ணப்பங்களை அவர் பங்குக்குத் தள்ளிவிட்டனர். மத்தியூஸ் முறையிடவில்லை. கொடுத்த வேலையைச் செவ்வனே முடித்தார். அத்துடன், தமக்கு உதவியாக அமர்த்திய இளஞ் சட்டத்தரணிகள் எல்லோரையும் பெண்களாகவே தெரிந்தெடுத்தார். மற்ற நீதிபதிகள் பெண்களை வாயிலிலேயே திருப்பியனுப்பிய காலம் அது.

காரின் பின்னாசனத்தில்

திருப்பியனுப்பப்பட்ட பெண்கள் எத்தகையவர்கள்? ரூத் பேடர் கின்ஸ்பேர்க் 1959இற் கொலம்பியா சட்டக் கல்லூரியிலே முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டு தேறியவர். அந்நாட்டில் மிகச் சிறந்த மாணவர்கள் நீதியரசர் ஒருவரிடம் ஓரிரு ஆண்டுகள் ஆய்வுத் துணைவராக இருந்து தொழில் பழகுவது மரபு. அந்தப் பதவியே பின்னர் பேராசிரியர் பதவிக்கும் நீதிபதிப் பதவிக்கும் ஏணியாக அமையும். கின்ஸ்பேர்க்கை ஏற்றுக்கொள்ளுமாறு நீதியரசர் பிராங்பேர்ட்டருக்கு ஹாவார்ட் பேராசிரியர் ஒருவர் 1960இற் பரிந்துரைத்தார். முற்போக்காளர் எனப் பெயர்பெற்ற பிராங்பேர்ட்டர், பெண்ணை வேலைக்கு வைத்துக்கொள்ளத் தாம் இன்னும் ஆயத்தமாகவில்லை என்று மறுத்துவிட்டார்.

நீதிபதி லேணட் ஹாண்ட் என்பவரும் அந்நாளிற் பெரும் புகழ் படைத்தவர். அவரும் பெண்களை வைத்துக்கொள்வதில்லை. காரணம், பேச்சுக்கிடையே கடுஞ்சொற்களை வழங்குவது அவர் வழக்கம். பெண்ணின் முன்னிலையில் நாவை அடக்க வேண்டியிருக்குமாம். கின்ஸ்பேர்க் இறுதியில் நீதிபதி பால்மியரியிடம் வேலை பெற்றார். பால்மியரி தம் காரிலே ஹாண்டை வீட்டுக்கு அழைத்துச் செல்வதுண்டு. பின்னாசனத்தில் கின்ஸ்பேர்க் அமர்ந்திருப்பார். முன்னால் இருந்த ஹாண்ட் வாயில் வந்தபடியெல்லாம் பேசிக்கொண்டே வருவார். என் முன்னால் இப்படித் தங்குதடையின்றிப் பேசும் தாங்கள் என்னை ஏன் வேலைக்கு ஏற்கவில்லை என்று ஒருநாள் கின்ஸ்பேர்க் கேட்டார். நான் உன்னைப் பார்த்துக்கொண்டு பேசவில்லையே என்பதுதான் ஹாண்ட் அளித்த விடை.

சிரிப்பை விளைக்கும் விடைதான். ஆயினும் அதிலே ஆழ்ந்த உண்மை ஒன்று அடங்கியிருக்கின்றது. ஹாண்ட் கொடியவரல்லர். கண்ணியம் காப்பதாகவே அவர் எண்ணினார். பெண்ணுக்கு மரியாதை செய்வதாக எண்ணிக்கொண்டே அவளுடைய பிழைப்பைத் தடுப்பது எத்துணை எளிது!

சன்ட்ரா டே ஓகொனரின் கதையும் இத்தகையதே. 1952இல் ஸ்டான்போர்ட் சட்டக் கல்லூரியிற் சிறப்பாகத் தேறிய அவரிடம், கலிபோர்னியாவின் பெரிய சட்ட நிறுவனமொன்று, உமக்குத் தட்டெழுத்து நன்றாக வருமா என்று வினவியது. சட்டத்தரணி வேலை கிடைக்காமையால் மாவட்ட அலுவலகமொன்றிலே முதலிற் சம்பளமின்றியே அவர் பணிபுரிந்தார். 1981இல் உயர் நீதிமன்றப் பதவி குறித்து அவருடன் தொலைபேசியிற் பேசிய சட்டமா அதிபர், முன்பு அதே நிறுவனத்திற் பங்காளராயிருந்தவர் என்பதை ஓகொனர் பின்னாளில் நகைச்சுவையோடு நினைவுகூர்வதுண்டு.

ஆணுக்குப் பாலில்லையா?

பெண் நீதிபதி மீது வைக்கப்படும் ஐயம் ஒன்று இன்னும் நுட்பமானது. பெண்கள் சம்பந்தப்பட்ட வழக்கிலே பெண் நீதிபதி நடுநிலை வகிப்பாரா என்பதே அது.

கொன்ஸ்ரன்ஸ் பேக்கர் மொட்லி 1966இல் நியூ யோர்க்கிற் சமஷ்டி நீதிபதியாக நியமனம் பெற்றார். அப்பதவியை அடைந்த முதற் கறுப்பினப் பெண்மணி அவர். பெண்ணென்பதால் வேலை மறுக்கப்பட்டவர்கள் ஒரு சட்ட நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு 1975இல் அவர் முன் வந்தது. நிறுவனத்தின் தரப்பினர், மொட்லி பெண், அதிலும் கறுப்பினத்தவர், ஆதலின் வழக்கிலிருந்து அவர் விலக வேண்டும் என்று விண்ணப்பித்தனர். மொட்லி மறுத்தார். நீதிபதியின் பாலும் இனமும் பின்னணியும் அவரை விலக்கப் போதுமானவையென்றால், இந்த நீதிமன்றத்திலுள்ள எந்த நீதிபதியுமே இவ்வழக்கை விசாரிக்க இயலாது என்பது அவர் எழுதிய விடையின் சாரம். எல்லா நீதிபதிகளும் ஏதாவது ஒரு பாலினராகவும் ஏதாவது ஓர் இனத்தவராகவும் இருக்கின்றார்கள் அல்லவா?

பாரபட்சத்தின் ஆணிவேரை மொட்லி தொட்டுக் காட்டிவிட்டார். ஆண் நீதிபதி என்றால் வெறும் நீதிபதி. பெண் நீதிபதி என்றால் பெண் என்ற எண்ணமே அந்த வேர். வழக்கில் ஒரு தரப்பு ஆண்களாயிருந்தபோது ஆண் நீதிபதியை விலகுமாறு கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றியதில்லை.

ஒன்பதின்மருள் ஒருவர்

1981 செப்டெம்பரில் ஓகொனர் உயர் நீதிமன்றத்தின் முதற் பெண் நீதியரசரானார். பெண் ஒருவர் வரக்கூடும் என எதிர்பார்த்து, நீதியரசர் பெயருக்கு முன் ‘மிஸ்டர்’ என எழுதும் வழக்கத்தை முந்திய ஆண்டிலேயே அம்மன்றம் கைவிட்டிருந்தது. ஆனால் பெயர்ப்பலகையில் ஒரு சொல்லை அழிப்பது போன்று கட்டடத்தை மாற்றுவது எளிதாயிருக்கவில்லை. நீதியரசர்கள் அங்கி தரிக்கும் அறையருகே ஆண்களுக்கு மட்டுமே மலசலகூடம் இருந்தது. ஓகொனர் தம் அலுவலறைக்கே திரும்பிச் செல்ல வேண்டியிருந்தது. 1993இற் கின்ஸ்பேர்க் இரண்டாவது பெண் நீதியரசராக வந்த பின்னரே அங்கே பெண்களுக்கும் ஒன்று அமைக்கப்பட்டது.

இருவர் வந்ததும் வேறொரு விந்தை நிகழ்ந்தது. தோற்றத்திலும் குரலிலும் சிறிதும் ஒப்புமையற்ற இருவரையும் சட்டத்தரணிகள் மாறி மாறிப் பெயர் சொல்லி அழைத்தனர். இதனை முன்னரே எதிர்பார்த்த பெண் நீதிபதிகள் சங்கம், ‘நான் சன்ட்ரா, ரூத் அல்லள்’ என்றும், ‘நான் ரூத், சன்ட்ரா அல்லள்’ என்றும் பொறித்த மேற்சட்டைகளை இருவருக்கும் பரிசளித்தது. ஏழு ஆண்களின் பெயரை நினைவில் வைத்திருப்பவர்கள் இரு பெண்களின் பெயரை வேறுபடுத்தி அறியவில்லையென்றால், அவர்கள் கண்டது இரு நீதியரசர்களையல்ல, ‘பெண்’ என்ற ஒன்றையே எனலாம்.

2006இல் ஓகொனர் ஓய்வுபெற்றார். அப்பால் மூன்றாண்டுகளுக்கு மேலாகக் கின்ஸ்பேர்க் தனித்திருந்தார். நீதியரசர்களின் ஆலோசனைக் கூட்டத்தில் ஒன்பதின்மரைத் தவிர வேறு எவரும் இருப்பதில்லை. எழுதுவோரும் இல்லை, ஏவலாளரும் இல்லை. கதவு தட்டப்பட்டால் இளைய நீதியரசரே எழுந்து திறக்க வேண்டும். பணிமூப்பு வரிசைப்படி ஒவ்வொருவரும் பேசுவர். அத்தகைய ஒழுங்குமிக்க அறையிலும், தாம் ஒரு கருத்தைச் சொன்னால் எவரும் அதனைப் பொருட்படுத்துவதில்லை என்றும், அதே கருத்தை வேறொருவர் சொன்ன பின்னரே யாவரும் அதிற் கவனஞ் செலுத்துகின்றனர் என்றும் கின்ஸ்பேர்க் 2009இற் பத்திரிகையொன்றுக்குக் கூறினார். அவ்வேளை அவர் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நீதியரசராயிருந்தவர்.

இதனால் யாருக்கு நட்டம்? அவருக்கு மனவருத்தம் என்பது உண்மையே. அதனினும் பெரிய நட்டம் வழக்காட வந்தவருக்கே உரியது. அந்த ஆண்டின் வழக்கொன்றை இதற்கு எடுத்துக்காட்டலாம். அரிசோனா மாநிலத்துச் சாபோர்ட் என்னும் ஊரிலே, வயது 13 நிரம்பிய மாணவி ஒருத்தி நோவுக்குரிய மாத்திரைகளை மறைத்து வைத்திருப்பதாகப் பாடசாலை அதிகாரிகள் சந்தேகித்து, உள்ளாடைகளையும் விலக்கச் செய்து சோதனையிட்டனர். மாத்திரை எதுவும் அகப்படவில்லை. 2009 ஏப்ரிலில் வாதம் நிகழ்ந்தபோது, நீதியரசர் ஒருவர் தம் சிறுபிராயத்தில் விளையாட்டுக்காக உடை மாற்றியதை நினைவுகூர, மன்றத்திற் சிரிப்பெழுந்தது. உடற்பயிற்சிக்கு உடை மாற்றுவதற்கும் இதற்கும் என்ன பெரிய வேறுபாடு என்ற தொனியும் கேள்விகளிற் கேட்டது. கின்ஸ்பேர்க் ஒருவரே அம் மாணவி பட்ட அவமானத்தை அழுத்தமாக எடுத்துரைத்தார். தம் சகாக்கள் ஒருபோதும் 13 வயதுச் சிறுமியாக இருந்ததில்லை, அது மனம் எளிதிற் புண்படும் பருவம் என்பதை அவர்கள் உணர்ந்ததாகத் தோன்றவில்லை என்று அவர் வெளியிலும் கூறினார்.

அவ்வாண்டு ஜூன் மாதம் தீர்ப்பு வெளியாயிற்று. அந்தச் சோதனை அரசியலமைப்புக்கு முரணானது என எட்டு நீதியரசர்கள் முடிவு செய்தனர். கின்ஸ்பேர்க்கின் சொல்லாலேதான் முடிவு இவ்வாறு அமைந்தது என்று எவராலும் நிறுவ முடியாது. ஆயினும் ஒன்று தெளிவு. அச் சிறுமிக்கு நேர்ந்ததை உணர்ந்து சொல்வதற்கு அன்று அம்மன்றத்தில் ஒரு குரலே இருந்தது. அந்தக் குரலையும் கேளாது விட்டிருந்தால் அச் சிறுமிக்காகப் பேச யார் இருந்திருப்பர்?

மூன்று நீதிபதிகள் கூடித் தீர்ப்பளிக்கும் மேன்முறையீட்டு நீதிமன்றங்களை ஆராய்ந்து 2010இல் வெளியான கட்டுரையொன்று இதற்குத் துணைச்சான்று தருகின்றது. பதின்மூன்று வகை வழக்குகளை ஒப்பிட்டதில், பன்னிரண்டு வகைகளில் ஆண் பெண் என்ற வேறுபாடு தெளிவாகத் தென்படவில்லை. வேலையிற் பால் காரணமாகப் பாரபட்சம் காட்டப்பட்டது என்ற வழக்குகளில் மட்டுமே அது தோன்றியது. அவ் வழக்குகளில், பெண் நீதிபதியொருவருடன் கூடியிருந்த ஆண் நீதிபதிகள், ஆண்களோடு மட்டும் அமர்ந்திருந்த வேளையைவிடக் கூடுதலாக முறையீட்டாளரின் சார்பிலே தீர்ப்பளித்தனர். பெண்கள் வேறொரு சட்டத்தைப் பின்பற்றவில்லை. தாம் அறிந்ததைச் சகாக்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். சகாக்கள் கேட்டார்கள் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகின்றது.

எண்கள் சொன்ன கதை

தம்மைப் பேசவிடுவதில்லை என்று ஒருவர் கூறினால், அது மனப்பிரமை என்று தட்டிக்கழிப்பது உலக வழக்கம். சிக்காகோவின் நோத்வெஸ்டர்ன் சர்வகலாசாலையைச் சேர்ந்த தோன்யா ஜேக்கபி, டிலன் ஷ்வியர்ஸ் என்னும் இருவர் 2017இல் இதனை எண்ணிக்கையால் தீர்க்க முற்பட்டனர். உயர் நீதிமன்றத்தின் வாதப் பதிவுகளை எடுத்து, யார் பேசும்போது யார் குறுக்கிட்டார் என்று கணக்கிட்டனர்.

ஓகொனர் தனியொரு பெண்ணாயிருந்த 1990ஆம் ஆண்டுத் தவணையில், குறுக்கீடுகளில் 35.7 சதவீதம் அவருக்கே நேர்ந்தது. பெண்கள் இருவராயிருந்த 2002இல் அது 45.3 சதவீதம். மூவராயிருந்த 2015இல் 65.9 சதவீதம். பெண்கள் பெருகப் பெருக நிலைமை சீர்ப்படும் என்று நம்பியவர்களுக்கு இது பேரதிர்ச்சியாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஆசனங்களில் சராசரி 24 சதவீதத்தைப் பெற்றிருந்த பெண்களுக்கு 32 சதவீதக் குறுக்கீடுகள் நேர்ந்திருந்தன. பெண்கள் பிறருக்குச் செய்த குறுக்கீடோ 4 சதவீதமே.

இன்னும் வியப்பான செய்தி உண்டு. நீதியரசர் பேசத் தொடங்கியதும் சட்டத்தரணி உடனே வாய்மூட வேண்டும் என்பது அம்மன்றத்தின் கண்டிப்பான ஒழுங்கு. அவ்வாறிருந்தும் ஆண் சட்டத்தரணிகள் பெண் நீதியரசர்களின் பேச்சைக் குறுக்கிட்டு மேலே பேசிச் சென்றனர். பணிமூப்புக் குறைவினால் இது நேர்ந்தது என்று கூறவும் இடமில்லை. அரசியல் நோக்கு வேறுபாடும் ஓரளவு காரணமாயிருந்ததை ஆய்வாளர் மறைக்கவில்லை. ஆயினும் பால் வேறுபாடு தனித்து நின்று தன் வேலையைச் செய்தது.

அப்பெண்கள் இதனை எவ்வாறு சமாளித்தனர்? பணியில் புதியவராயிருந்த காலத்தில், ‘கேட்கலாமா’, ‘மன்னிக்க வேண்டும்’ என்று பணிவான சொல்லோடு அவர்கள் கேள்வியைத் தொடங்கினர். அந்தச் சொல் முடிவதற்குள் வேறொருவர் இடையிற் புகுந்துவிடுவார். ஆண்டுகள் செல்லச் செல்லப் பணிமொழியைக் கைவிட்டு, ஆண்களைப் போலவே நேரே கேள்விக்குப் பாயக் கற்றுக்கொண்டனர். சிறுவயதில் நற்பழக்கம் என்று கற்ற ஒன்று, நாட்டின் மேலான ஆசனத்தில் அவர்களுக்குத் தடையாயிற்று. மரியாதையாகப் பேசுபவர் தோற்பதும், இடித்துப் பேசுபவர் வெல்வதும் நீதிமன்றத்துக்கு அழகா?

விதி செய்த வேலை

குறையைச் சொன்னாற் போதாது, பரிகாரமும் வேண்டும். 2020 மே மாதத்தில் கொரோனா நோய்ப் பரவல் காரணமாக நீதியரசர்கள் தொலைபேசி மூலம் வாதங் கேட்க நேர்ந்தது. ஒருவரையொருவர் காணாமற் பேசும்போது குழப்பம் விளையாதிருக்க, பணிமூப்பு வரிசையில் ஒவ்வொருவருக்கும் நேரம் ஒதுக்கப்பட்டது. 2021 ஒக்டோபரில் மீண்டும் மன்றத்திற் கூடியபோது பழைய முறையோடு புதியதையும் இணைத்துக்கொண்டனர். முதலில் வழக்கம்போல் எவரும் கேள்வி கேட்கலாம். பின்னர் வரிசைப்படி ஒவ்வொரு நீதியரசருக்கும் தடையின்றிக் கேட்க வாய்ப்பு வழங்கப்படும். அந்த ஆய்வு இம்மாற்றத்துக்குத் துணைபுரிந்தது என்றும், அதன் பின் பிரதம நீதியரசர் கூடிய கவனம் செலுத்தினார் என்றும் நீதியரசர் சோனியா சொட்டோமயோர் அம்மாதமே வெளிப்படையாகக் கூறினார்.

இந்த மாற்றத்திற் செலவொன்றுமில்லை. புதிய சட்டம் தேவைப்படவில்லை. எவரும் கெட்டவர் என்று பழிக்கப்படவுமில்லை. முறையொன்று வகுக்கப்பட்டது, அவ்வளவே. குறுக்கிட்ட நீதியரசர்கள் பெண்ணை இழிவுபடுத்த வேண்டுமென்று எண்ணியவர்களாகத் தோன்றவில்லை. தாம் குறுக்கிடுவதே அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை எனலாம். தெரியாமற் செய்யும் பிழையை நல்லெண்ணம் திருத்த மாட்டாது. கணக்கு அதனைக் காட்ட வேண்டும்; விதி அதனைத் தடுக்க வேண்டும்.

இதனை முதலில் உணர்ந்தவர்களுள் நியூ ஜேர்சி மாநிலத்தின் பிரதம நீதியரசர் வில்லென்ஸ் குறிப்பிடத்தக்கவர். 1982இலேயே தம் மாநில நீதிமன்றங்களிற் பெண்கள் நடத்தப்படும் விதத்தை ஆராயக் குழுவொன்றை அவர் நியமித்தார். நீதிமன்றத்தினரே தம் நடத்தையைத் தாமே விசாரணைக்கு உட்படுத்திய அச்செயலைப் பின்னர் பல மாநிலங்கள் பின்பற்றின.

2022 ஜூனில் கெற்றாஞ்சி பிரவுன் ஜாக்சன் பதவியேற்றபோது, அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் முதன் முறையாக நான்கு பெண்கள் ஒருங்கே அமர்ந்தனர். இது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் முன்சொன்ன எண்கள் நமக்கு ஒரு பாடத்தைக் கற்பிக்கின்றன. நாற்காலியைக் கொடுப்பது ஒன்று, செவியைக் கொடுப்பது மற்றொன்று. முதலாவது கிடைத்ததும் இரண்டாவது தானே வந்துவிடும் என்று எண்ணுவது தவறு.

நீதிபதியின் தொழிலில் எழுதுவதும் பேசுவதும் பிற்பட்டவை. கேட்பதே முதலாவது. இரு தரப்பையும் கேளாமல் தீர்ப்பளிக்கலாகாது என்பது எந்நாட்டுச் சட்டத்துக்கும் பொது விதி. நாள்தோறும் அயலாரின் முறைப்பாடுகளைப் பொறுமையோடு கேட்கும் ஒருவர், தம் அருகே அமர்ந்திருக்கும் சகாவின் பேச்சைக் கேளாதிருப்பாராயின், அவர் தம் தொழிலின் அடிப்படையையே மறந்தவராவர். நீதி தேவதையின் கண்களைத்தான் கட்டி வைத்தார்கள். காதுகளை எவரும் கட்டவில்லை.

சட்டங் கற்ற நீதியரசர்களே தம்மை அறியாமல் இவ்வாறு நடந்தார்களெனில், சாதாரண மக்களாகிய நாம் எம்மாத்திரம்? இதனைப் படிக்கும் மாணவர்கள், தம் வகுப்பிலோ சங்கத்திலோ நடைபெறும் அடுத்த கூட்டத்தில் ஒரு தாளை எடுத்து, யார் பேசும்போது யார் குறுக்கிடுகின்றார் என்று கோடிட்டு எண்ணிப் பார்க்கலாம். குடும்பத் தலைவர்களும் இராச் சாப்பாட்டு வேளையில் மனத்தளவிலாயினும் அதனைச் செய்து பார்க்கலாம். கணக்கு முடிந்த பின் எவரும் எவருக்கும் உபதேசஞ் செய்யத் தேவையிராது.